உழைப்பு போகும் ஊரும் அதை வளர்த்த ஊரும்

2020 ஏப்ரல் 9. ருமேனியா முழுவதும் ஊரடங்கு. வீட்டை விட்டு வெளியே வருவதற்கே எழுத்து மூலமான காரணம் கையில் இருக்க வேண்டிய நாட்கள். அன்று க்ளூஜ் விமான நிலையத்தின் வாகன நிறுத்துமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பைகளைச் சுமந்தபடி நெருக்கியடித்து நின்றார்கள். ஜெர்மனியின் அஸ்பாரகஸ் வயல்களுக்கு அவர்களை ஏற்றிச் செல்லத் தனி விமானங்கள் காத்திருந்தன. இரண்டு வாரங்களுக்கு முன்புதான், மார்ச் 25 அன்று, பருவகாலத் தொழிலாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று ஜெர்மனி தடை போட்டிருந்தது. அறுவடை வீணாகிவிடும் என்று விவசாயிகள் பதறியதும் ஏப்ரலில் 40,000 பேர், மே மாதத்தில் 40,000 பேர் என்று கணக்கு வைத்து அந்தத் தடை தளர்த்தப்பட்டது.

நம் தண்ணீர்விட்டான் கொடிக்கு உறவான பயிர் இந்த அஸ்பாரகஸ். ஜெர்மானியர்கள் விரும்பி உண்பது அதன் வெள்ளை வகை. வெயில் பட்டால் நிறம் மாறிவிடும் என்பதால் நீண்ட மண் வரப்புகளுக்குள், மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு வளர்ப்பார்கள். அறுவடை செய்பவர் விரிப்பை விலக்கி, மண்ணில் விழுந்திருக்கும் மெல்லிய வெடிப்பைப் பார்த்துத் தண்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இரண்டு விரலால் மண்ணைத் தோண்டி, தண்டு முறியாமல் நீளமான கத்தியை உள்ளே செலுத்தி அடியில் அறுத்தெடுத்து, குழியை மூடிக் கரணையால் தடவிச் சமப்படுத்த வேண்டும். அடுத்த தண்டுக்கும் இதே வேலைதான். குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுவதும் நடக்கும் இந்த வேலையைச் செய்ய உள்ளூரில் போதிய ஆட்கள் கிடைப்பதில்லை.

பெருந்தொற்றின் நடுவிலும் விமானம் அனுப்பி அழைத்துவரும் அளவுக்கு இன்றியமையாத இந்தத் தொழிலாளர்களில் மிகப் பலருக்கு அந்த வேலை ஓய்வூதியக் கணக்கில் ஒரு நாள்கூடச் சேராது. ‘குறுகிய கால வேலை’ என்று பதிவு செய்துவிட்டால் ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் வரை சமூகக் காப்பீட்டுச் சந்தா கட்டத் தேவையில்லை என்கிறது ஜெர்மன் சட்டம். 70 நாட்களாக இருந்த அந்த வரம்பு 2020-இல் 115 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. திறந்த எல்லைகள் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘எத்தனை பேர் வரலாம்’ என்ற ஒரே கேள்வியில் முட்டி நின்றுவிடுகிறது. வருகிறவரைப் பிள்ளையாக வளர்த்த செலவு யாருடையது, முதுமையில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது, அவர் உழைப்பில் வந்த வரி எந்த ஊரில் தங்குகிறது என்ற கேள்விகளையும் அதோடு சேர்த்துக் கேட்டாக வேண்டும். ஐரோப்பா இவற்றுக்குப் பாதி விடை கண்டிருக்கிறது. மீதிப் பாதிக்கு அரசுகளும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் குடிமக்களும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும்.

அந்தப் பாதி விடை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போக வேண்டும். போர் முடிந்த கையோடு, 1946-இல், இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இத்தாலி ஆட்களை அனுப்பும். பெல்ஜியம் இத்தாலிக்கு நிலக்கரி விற்கும். போர்க் கைதிகள் இருந்த கொட்டகைகளில் தொழிலாளர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். ஒப்பந்தத்தை மீறிச் சுரங்கத்தை விட்டு வெளியேறியவர்கள் பிடித்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் என்ற ஊரின் சுரங்கத்தில் தீப்பற்றியது. 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள்.

ஏழு மாதம் கழித்து, 1957 மார்ச்சில், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிலாளர்கள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சுதந்திரமாகச் சென்று வேலை செய்யும் உரிமை அதில் இடம்பெற வேண்டும் என்று அழுத்திக் கேட்ட நாடு இத்தாலி. சுரங்கத்தோடு கட்டிப்போடும் அனுமதிச் சீட்டு இல்லாமல், பிடிக்காத முதலாளியை விட்டு விலகும் உரிமையோடு தன் மக்கள் வேலைக்குப் போக வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கையின் சாரம். 1958-இலேயே, அந்தச் சமூகத்தின் முதல் சட்டங்களில் ஒன்றாக, புலம்பெயர் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புக்கான விதிகள் வந்துவிட்டன. போலந்தில் பத்து ஆண்டு, ஜெர்மனியில் பன்னிரண்டு, நெதர்லாந்தில் ஆறு என்று உழைத்த ஒருவருக்கு இன்று மூன்று நாடுகளும் தத்தம் பங்கு ஓய்வூதியத்தைத் தருகின்றன என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது. உலகில் வேறெங்கும் இந்த அளவுக்கு வளராத ஏற்பாடு இது. ஐரோப்பாவைக் குறை சொல்லத் தொடங்கும் முன் இதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஷெங்கன் என்பது வேறு. 1985-இல் லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே மொசெல் ஆற்றில் நின்ற கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட அந்த உடன்பாடு எல்லைச் சோதனைச் சாவடிகளை நீக்க வழி செய்தது. வேலை செய்யும் உரிமை அதற்கு முந்தியது, அதிலிருந்து தனியானது. பிரிட்டன் ஷெங்கனில் ஒருநாளும் சேரவில்லை. ஆனாலும் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் அங்கேதான் பெருமளவில் போனார்கள். சாவடியை மீண்டும் கட்டினால் தொழிலாளர் வரத்து நின்றுவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறைக்கிறார்கள்.

2004 மே 1 அன்று பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அவற்றில் எட்டு, முன்னாள் பொதுவுடைமை நாடுகள். ஏழு ஆண்டுகள் வரை கதவை மூடி வைத்துக்கொள்ள பழைய உறுப்பு நாடுகளுக்கு அனுமதி இருந்தது. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் ஆகிய மூன்றும் உடனே தொழிலாளர் சந்தையைத் திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 வரை மூடியே வைத்திருந்தன. பிரிட்டனுக்கு நிகரமாக ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரலாம் என்று அரசு கேட்டுப் பெற்ற மதிப்பீடு சொன்னது. வந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. மற்ற பெரிய நாடுகள் எல்லாம் மூடியிருக்கும்போது திறந்திருக்கும் வாசலில்தானே கூட்டம் சேரும்? ஒன்றியம் முழுவதும் ஒரே நாளில் திறந்திருந்தால் அந்தச் சுமை பரவலாகி இருக்கும்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஒரு சிறிய ஊர். சுற்றிலும் முட்டைக்கோசும் காலிஃபிளவரும் விளையும் வளமான வயல்கள். போலந்து, லிதுவேனியா, லாத்வியா நாட்டவர்கள் அறுவடைக்கும் காய்கறி பொதியும் வேலைக்கும் அங்கே வந்து குடியேறினார்கள். 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் பிரிட்டனிலேயே அதிகமாக, 75 சதவீதத்துக்கும் மேல், வெளியேறும் பக்கம் வாக்களித்த ஊர் அது. இதை வெறும் இனவெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. வந்தவர்களின் உழைப்பால் லாபம் பார்த்தது பண்ணையும் பேரங்காடியும். வருமான வரி போனது லண்டன் கருவூலத்துக்கு. வாடகை ஏறியதும், பள்ளியில் இடம் நெருக்கியதும், மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் நீண்டதும் பாஸ்டனில். இந்த நெருக்கடிக்காகவே 2009-இல் குடியேற்றத் தாக்க நிதி என்று ஒன்றைப் பிரிட்டிஷ் அரசு தொடங்கியது. அடுத்த ஆண்டே, ஆட்சி மாறியதும், சிக்கனத்தின் பெயரால் அது ரத்து செய்யப்பட்டது. சிறிய தொகைதான். ஆனால் அந்த வெட்டு எத்தனை ஊர்களின் கோபத்தை வளர்த்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகும் பிரிட்டனில் குடியேற்றம் உடனே குறையவில்லை. 2023 ஜூனில் முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. வயல்களுக்கு அதன்பின் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கிர்கிஸ்தானிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முன்பு போலந்துக்காரரால் தன் விருப்பப்படி பேருந்து ஏறி வரவும் போகவும், பிடிக்காத பண்ணையை விட்டு அடுத்த பண்ணைக்கு மாறவும் முடிந்தது. அவர் இடத்துக்கு வந்தவரோ ஆறு மாத விசாவில், பலர் பயணச் செலவுக்கு வாங்கிய கடனோடு, வருகிறார்.

கூலிக்கு வருவோம். வந்தவர்கள் உள்ளூர்க் கூலியைக் குறைத்துவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டா? தானாகக் குறைவதில்லை, குறைப்பதற்கு யாரோ வழி செய்துகொடுக்கிறார்கள் என்பதே என் கருத்து. ஸ்வீடனின் வாக்ஸ்ஹோல்மில் 2004-இல் ஒரு பள்ளிக் கட்டட வேலையை லாத்விய நிறுவனம் ஒன்று எடுத்தது. தன் நாட்டுத் தொழிலாளர்களைக் கூட்டிவந்து, தன் நாட்டு ஒப்பந்தக் கூலியைக் கொடுத்தது. ஸ்வீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் பேசி முடிக்கும் கூட்டு ஒப்பந்தம்தான் கூலியைத் தீர்மானிக்கும். சங்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொன்னது, நிறுவனம் மறுத்தது, சங்கம் வேலையிடத்தை முற்றுகையிட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2007 டிசம்பரில் தீர்ப்பு சங்கத்துக்கு எதிராக வந்தது. சேவை வழங்கும் நிறுவனத்தின் சுதந்திரத்துக்கு அந்த முற்றுகை நியாயமற்ற தடை என்றது நீதிமன்றம். எல்லை தாண்டும் தொழிலாளியின் சுதந்திரமாகத் தொடங்கிய ஒன்று, அவரை அனுப்பி வைக்கும் நிறுவனத்தின் சுதந்திரமாக மாறிய இடம் அது.

அதைச் சரிசெய்யப் பதினோரு ஆண்டுகள் ஆயின. ஒரே இடத்தில் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற விதியை அனுப்பப்படும் தொழிலாளர்களுக்கும் விரிவாக்கிய சட்டம் 2018-இல் நிறைவேறி, 2020 ஜூலை 30 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே 2020 ஜூன் மாதத்தில் ஜெர்மனியின் ரேடா-வீடன்ப்ரூக்கில் ஒரு பெரிய இறைச்சி ஆலையில் 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தொற்றியது. அங்கே பன்றி வெட்டிய ருமேனிய, பல்கேரிய, போலந்துத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆலையின் ஊழியர்களே இல்லை. துணை ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். நம் வழக்கில் சொன்னால் கங்காணியின் ஆட்கள். ஒரு வீட்டில் பலரை அடைத்து, படுக்கைக்கு வாடகையை அவர்களின் கூலியிலேயே கங்காணி பிடித்துக்கொள்வான். ஊதியம் பற்றியோ வேலை நேரம் பற்றியோ கேட்டால் ஆலை அவனைக் கைகாட்டும்.

அந்தத் தொற்றுக்குப் பின் ஜெர்மன் அரசு, பெரிய இறைச்சி ஆலைகளில் வெட்டும் வேலைக்கும் பதப்படுத்தும் வேலைக்கும் துணை ஒப்பந்தத்தை 2021 ஜனவரி முதல் தடை செய்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஆலைகளின் நேரடி ஊழியர்களானார்கள். பல ஆண்டுகளாக முடியவே முடியாது என்று தொழிலதிபர்கள் சொல்லிவந்தது சில மாதங்களில் முடிந்தது. கட்டுமானத்திலும் பார்சல் விநியோகத்திலும் இன்னும் கங்காணி முறை தொடர்கிறது. இறைச்சி ஆலைக்கு முடிந்தது அவற்றுக்கு ஏன் முடியாது?

அனுப்பும் நாடுகளின் பக்கம் போனால் வேறொரு காட்சி. 1980-களின் இறுதியில் பல்கேரியாவில் ஏறக்குறைய 90 லட்சம் பேர் இருந்தார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எஞ்சியது சுமார் 65 லட்சம். லாத்வியாவில் 1990-இல் 26 லட்சத்துக்கும் மேல். இப்போது 19 லட்சத்துக்கும் கீழ். பிறப்பு குறைந்ததும் இதற்குக் காரணம். ஆனால் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களே பெரும்பாலும் வெளியேறினார்கள் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. ருமேனியாவில் ஆறு ஆண்டு படிக்கவைத்து உருவாக்கிய மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். 2018-இல் அரசு மருத்துவர்களின் சம்பளத்தை ஏறக்குறைய இரு மடங்காக உயர்த்திய பிறகுதான் அந்த ஓட்டத்தின் வேகம் தணிந்தது. வெளியேற்றத்தைத் தடுக்க அனுப்பும் நாட்டின் கையிலும் ஏதோ இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பணம் அனுப்புகிறார்களே என்று கைகட்டி இருந்த அரசுகளையும் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

லாபமே இல்லை என்று சொல்லவில்லை. போலந்து ஒன்றியத்தில் சேர்ந்தபோது வேலையில்லாதவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இன்று ஐரோப்பாவிலேயே வேலையின்மை மிகக் குறைந்த நாடுகளில் அதுவும் ஒன்று. போனவர்கள் பலர் திரும்பி வருகிறார்கள்.

என் மனம் அதிகம் நிற்பது பராமரிப்பு வேலைக்குப் போகும் பெண்களிடத்தில். ஆஸ்திரிய முதியவர்களின் வீடுகளிலேயே தங்கி, இரவும் பகலும் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஸ்லோவாக்கியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். இரண்டு வாரம் அல்லது நான்கு வாரம் அங்கே. பிறகு வேறொருத்தி வந்து முறை மாற்ற, ஊர் திரும்புவார்கள். ஒருவரின் அம்மாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படுக்கையில் புரட்டிவிடும் நேரத்தில் தன் பிள்ளை பாட்டியிடம் இருக்கும். பெற்றோர் வெளிநாடு போகும்போது குழந்தை யார் பொறுப்பில் என்று உள்ளூர் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ருமேனியாவில் சட்டமே இருக்கிறது. அந்த அளவுக்கு அங்கே இது பரவலான வாழ்க்கை.

2019-இல் ஆஸ்திரிய அரசு ஒரு காரியம் செய்தது. பிள்ளை எந்த நாட்டில் வளர்கிறதோ அந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பக் குழந்தை உதவித்தொகையைக் குறைத்தது. ருமேனியாவில் அரிசியும் பாலும் மலிவு, ஆகவே தொகையும் குறைவு என்ற வாதம். அந்தத் தாயின் சந்தாவும் வரியும் மட்டும் ஆஸ்திரிய விலையிலேயே பிடிக்கப்பட்டன. 2022 ஜூன் 16 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் குறைப்பைச் செல்லாது என்றது. சம பங்கு கட்டியவருக்குச் சம பங்கு உண்டு என்ற எளிய நியாயம் அதில் நின்றது. இந்தத் தீர்ப்பை வாசித்தபோது வாக்ஸ்ஹோல்ம் தீர்ப்பின் கசப்பு எனக்குக் கொஞ்சம் ஆறியது.

இந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி நம் பக்கம் நீள்கிறது. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் குடியுரிமை பெற்ற ஈழத் தமிழர்கள் பலர் இந்தத் தடையற்ற நடமாட்ட உரிமையைப் பயன்படுத்தியே, பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியை எண்ணியும் உறவுகளை நாடியும், லண்டனுக்கு இடம்பெயர்ந்தார்கள். இப்போது ருமேனியாவின் காலியான பணியிடங்களுக்கு இலங்கையிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். 2022 முதல் சில ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 1,00,000 புதிய வெளிநாட்டுத் தொழிலாளர் வரை அனுமதிக்க அந்நாடு ஒதுக்கீடு அறிவித்தது. இவர்களுக்கு ஒன்றியக் குடிமக்களின் உரிமைகள் கிடையாது. முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன், ஒரே முதலாளியோடு முடிச்சுப் போட்ட அனுமதி என்று, மார்சினெல் இத்தாலியர்கள் நின்ற இடத்தில்தான் இவர்கள் நிற்கிறார்கள். 2024-இல் திருத்தப்பட்ட ஒன்றியச் சட்டம் முதலாளியை மாற்றும் உரிமையை ஏற்றிருக்கிறது. பருவகாலத் தொழிலாளர்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. அந்த விடுபாட்டை நீக்க ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும். கொழும்பும் காத்மாண்டும் ஆட்களை அனுப்பும் முன்பே இதை நிபந்தனையாக வைக்க வேண்டும்.

பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் ஜெனிவா ஒரு விடை. அங்கே வேலை செய்து எல்லைக்கு அப்பால் பிரான்சில் குடியிருப்பவர்களின் வருமான வரியை ஜெனிவா பிடித்துக்கொள்கிறது. ஆனால் அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வீட்டுக்குச் சாலையும் குப்பை அகற்றும் வசதியும் தர வேண்டியது பிரெஞ்சு ஊராட்சிகள். ஆகவே 1973-இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். அந்தத் தொழிலாளர்களின் மொத்த ஊதியத்தில் 3.5 சதவீதத்துக்கு ஈடான தொகையை ஜெனிவா ஒவ்வோர் ஆண்டும் ஓத்-சவுவா, ‘ஏன்’ என்ற இரண்டு பிரெஞ்சு மாவட்டங்களுக்குக் கொடுக்கிறது. அரை நூற்றாண்டாக இது நடக்கிறது. ஜெனிவா ஏழையாகிவிடவில்லை.

லக்சம்பர்க்கில் ஊதியம் பெறுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், இரண்டு லட்சத்துக்கும் மேல், பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து நாள்தோறும் வந்து போகிறவர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லை மூடப்பட்டால் தன் மருத்துவமனைகளே முடங்கிவிடும் என்று அஞ்சி, அந்தச் செவிலியர்களுக்கு ஓட்டல் அறைகளை ஏற்பாடு செய்தது அந்த நாடு. பெல்ஜிய ஊராட்சிகளுக்கு அது ஈட்டுத்தொகை தருகிறது. பிரெஞ்சு ஊராட்சிகளுக்கு அப்படித் தர மறுத்து, சில திட்டங்களுக்கு மட்டும் பங்கு கொடுக்கிறது. லொரேன் பகுதி மேயர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

ஜெனிவா செய்வதை ஒன்றியம் முழுவதற்கும் விரிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. வந்தவரின் ஊதியத்திலிருந்து அவரிடம் கூடுதலாக ஒரு காசும் பிடிக்காமல், வரவேற்கும் நாட்டின் கருவூலத்திலிருந்தும் அவரை வேலைக்கு வைக்கும் நிறுவனத்திடமிருந்தும் ஒரு சிறு பங்கை எடுத்து, பாஸ்டன் போன்ற சேரும் ஊருக்கும் அவரை வளர்த்த ஊருக்கும் பிரித்துத் தரலாம். வளர்த்த ஊரின் பங்கு தலைநகரில் தங்கிவிடாமல் உள்ளூர்ப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்ச் சேர வேண்டும். அதைக் கண்காணிக்கும் கடமை ருமேனிய, பல்கேரியக் குடிமக்களுடையது. 2019-இல் தொடங்கப்பட்ட, பிராத்திஸ்லாவாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பியத் தொழிலாளர் ஆணையம் கூட்டுச் சோதனை நடத்த இப்போது உறுப்பு நாடுகளின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டு அவிழ வேண்டும். குறுகிய கால வேலைக்கான சந்தா விலக்கை ஜெர்மனி கைவிட்டால் அஸ்பாரகஸின் விலை சற்றே ஏறும். அந்த ஏற்றத்தை வாங்குகிறவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

2028-இல் தொடங்கும் ஏழாண்டு ஒன்றிய வரவுசெலவுத் திட்டம் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பாதுகாப்புக்கும் தொழில் போட்டிக்கும் எவ்வளவு என்பதில்தான் இப்போது இழுபறி. ஊர்களுக்கான இந்தப் பங்கைப் பற்றிப் பேசுவதற்கு உரிய இடமும் அந்த மேசைதான். அங்கே அதை எழுப்ப வேண்டியவர்கள் அனுப்பும் நாடுகளின் பிரதிநிதிகள் மட்டுமல்ல, அந்த உழைப்பால் வளர்ந்த நாடுகளின் பிரதிநிதிகளும்தான்.